கமலைத் தோலும் கார் சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் மாப்பிள்ளையின் புதுக் காரில் குடும்பத்தோடு பழனிக்குப் போய் வந்தோம். பேரன் மொட்டையில் பூசிய சந்தனம் சீட்டின் தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டது. போதாததற்குப் பஞ்சாமிர்த டப்பா வேறு கவிழ்ந்துவிட்டது. செம்பட்டி வந்ததும், எல்லாரும் அசந்து தூங்கும்போது, நானே சோப்புத்தூள் கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். தோல் என்றால் எண்ணெய் போடவேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த பாடம். சாயங்காலம் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "என்ன மாமா இது?" என்றார். சீட் பிசுபிசுவென்று இருந்தது. ரோட்டுப் புழுதி பூராவும் அதில்தான்.

பாடம் தப்பில்லை, காலம்தான் மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்பதுதான் இந்தப் பதிவு.

எங்கள் கிணற்றில் கமலை ஓடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. சாலின் அடியில் தோல் வால் கட்டியிருக்கும். அது வெடிக்காமல் இருக்க அப்பா எண்ணெய் தடவுவார். அந்தத் தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரைதான். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலில் ஏறினால் தோல் அழுகாது. ஆனால் ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் படப்பட சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். பிறகு புங்க எண்ணெய் ஏற்றுவார்கள். வெயிலிலிருந்து காப்பது, எண்ணெய்ப்பசை குறையாமல் பார்ப்பது என்ற இரண்டு வேலையும் தோல் ஷாப்பிலேயே தொடங்கிவிட்டன. இப்படித் தயாரான தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியது. திண்டுக்கல்லும் திருச்சியும் அதற்குப் பேர்போன ஊர்கள்.

காருக்குத் தோல் வந்தது குதிரை வண்டியிலிருந்து. ஆரம்ப காலத்துப் பெரிய கார்களில் தோல் சீட் டிரைவருக்குத்தான். அவர் மழையிலும் வெயிலிலும் உட்கார வேண்டியவர். பின்னால் மூடிய அறையில் முதலாளிக்கு மெத்தென்ற கம்பளித் துணி! உழைக்கிறவனுக்கு உழைக்கிற பொருள். துடைக்கும் முறையும் குதிரைச் சேணத்திலிருந்து வந்ததுதான்: சேணச் சோப்பு போட்டுத் துடைப்பது, பிறகு எண்ணெய். நம் ஊர் அம்பாசடர் கார்களில் நாம் பார்த்தது பெரும்பாலும் ரெக்சின். அது தோலே இல்லை, பூச்சு ஏற்றிய துணி. ரெக்சின் என்பது இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் சரக்குப் பெயர். நமக்கு அதுவே பொருளின் பெயராகிவிட்டது.

பெரிய மாற்றம் 1884-இல். நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பில் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமில் ஒன்றிரண்டு நாளில் தயார். சூட்டையும் நன்றாகத் தாங்கும். சென்னைக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம்தான் குரோம்பேட்டை. இன்றைய கார் சீட் தோலின் மேல் வண்ணப் பூச்சும், அதற்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி ஒரு மெல்லிய படலமும் இருக்கும். நான் தடவிய எண்ணெய் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போகவே இல்லை.

இனி நம் ஊர் கொடுத்த விலை. சுண்ணாம்புக் குழியிலும் தோல் குழியிலும் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல்காரர்கள் அவசியம் படிக்கவேண்டும். 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பில் நம் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்றும் அதில் இருக்கிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க உதவிய தோலே கடைசியில் கிணற்றைக் கெடுத்துவிட்டது.

ஆகவே தோல் சீட் வைத்திருப்பவர்கள் அதை நெடுநாள் உழைக்க வையுங்கள். நான் கற்றுக்கொண்டது இது:

1. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேலே படலம் உண்டு. உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதை ஈரத்துணியால் தேய்க்காமல், அதற்கென்று உள்ள கிளீனரையே வாங்குங்கள்.

2. முதலில் தையல் இடுக்கில் உள்ள மண்ணை உறிஞ்சி எடுங்கள். மண்ணோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

3. சோப்புத்தூள் காரம், ஆகாது. காரமில்லாத மென்மையான சோப்பை நுரையாக்கி, மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். உடனே ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.

4. தலை சாயும் இடத்தில் தலையெண்ணெயும் வியர்வையும்தான் பூச்சைக் கெடுக்கும். அந்த இடத்தை அடிக்கடி துடையுங்கள்.

5. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலுக்கென்று விற்கும் கண்டிஷனர் போதும், கொஞ்சமாக.

6. எல்லாவற்றுக்கும் மேல், நிழல். வேப்பமரத்தடி கிடைத்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லையென்றால் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள்.

மாப்பிள்ளை சீட்டை இந்த முறையில் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் பிசுபிசுப்புப் போனது. சந்தனக் கறை மட்டும் தையலில் லேசாக இருக்கிறது. பேரன் மொட்டையின் ஞாபகமாக இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ திண்டுக்கல் தோல் ஷாப்பில் வேலை பார்த்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எந்தக் குழி, என்ன கூலி, கிணற்றுத் தண்ணீர் எப்போது மாறியது, எல்லாம் எழுதுங்கள். நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை.