ஒன்பது தொட்டில்களின் இல்லம்

நம் நாட்டு மறைமாவட்டங்களில் புனித குழந்தை தெரேசாவின் பெயரைத் தாங்கிய ஆலயங்களும் பள்ளிகளும் மிகப் பல. சிலுவையையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அந்த இளந்துறவியின் திருச்சுரூபத்தைக் காணாத கத்தோலிக்கர் அரியர். ஆயினும் அவரைப் பெற்ற அன்னை, 41-ஆம் வயதில் ஒன்பதாவது மகவாக அவரை ஈன்றார் என்பதையும், அதற்கு முன்பே தம் பிள்ளைகள் நால்வரைக் கல்லறைக்குத் தந்தவர் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கிறிஸ்தவ மனையறத்தின் இன்பத்தைப் பற்றிப் பேச முற்படும்போதெல்லாம் நாம் நாசரேத்துத் திருக்குடும்பத்தையே எடுத்துக்காட்டுகிறோம். அது தகுந்ததே. ஆனால் சுவரில் தொங்கும் அப்படத்தில் எவரும் களைத்திருப்பதில்லை. கடன், காய்ச்சல், அடம்பிடிக்கும் குழந்தை எதுவும் அங்கே தென்படுவதில்லை. பிள்ளையும் ஒன்றே. ஐந்தாறு மக்களை வளர்த்துக்கொண்டு, விடியலில் எழுந்து நள்ளிரவில் சாயும் தாய் ஒருத்தி அப்படத்தின்முன் செபித்துவிட்டு, ‘நமக்கு ஏன் இந்த அமைதி வாய்க்கவில்லை?’ என்று தன்னையே நொந்துகொள்வதும் உண்டு. அத்தகையோர்க்காகவே, பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் உள்ள அலன்சோன் நகரத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

துறவு நாடியோர் இல்லறம் ஏற்றனர்

லூயி மார்ட்டின் 1823-இல் பிறந்தவர். கடிகாரத் தொழில் கற்றவர். இளமையில் ஆல்ப்சு மலைமேல் உள்ள புனித பெர்நார்து மடத்தில் துறவியாகச் சேர விரும்பினார். இலத்தீன் அறிவு போதாமையால் மடத்தார் அவரை ஏற்கவில்லை. ஸெலி கெரின் 1831-இல் பிறந்தவர். ஏழை நோயாளிகளுக்குப் பணிபுரியும் பிறரன்புச் சகோதரிகளின் சபையை நாடினார். அங்கும் கதவு திறக்கவில்லை. அவருடைய குழந்தைப் பருவம் இனியதாய் அமைந்ததன்று. கண்டிப்பு மிகுந்த தாயிடம் வளர்ந்ததையும், விளையாட ஒரு பொம்மைகூட இல்லாமல் கழிந்த நாள்களையும் பிற்காலத்தில் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் துயரத்தோடு குறிப்பிட்டுள்ளார். தாம் பெறாத மகிழ்ச்சியைத் தம் மக்களுக்குத் தர முனைந்த தாய் அவர் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இருவரும் 1858 சூலை 13-ஆம் நாள் நள்ளிரவில், அலன்சோன் நகரின் அன்னை மரியா ஆலயத்தில் மணம் புரிந்துகொண்டனர். துறவு நாட்டம் அப்போதும் அவர்களை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ பத்து மாதங்கள் உடன்பிறப்புகளைப் போலவே வாழ்ந்தனர். ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிய குருவின் அறிவுரைக்குப் பின்னரே மக்கட்பேற்றுக்கு மனம் இசைந்தனர். அதன்பின் 1860 முதல் 1873 வரை அவ்வில்லத்தில் ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். மரி, போலின், லெயோனி, எலேன், யோசேப்பு என்னும் பெயரிட்ட ஆண்மக்கள் இருவர், செலின், மெலானி தெரேஸ், கடைக்குட்டியாகத் தெரேஸ். பிள்ளை பெறுவதற்காகவே தாம் பிறந்தவர் என்னும் பொருள்பட ஸெலி எழுதுவார். துறவே உயர்ந்தது, இல்லறம் அதற்கு அடுத்தது என்று எண்ணித் தொடங்கிய இருவர், தொட்டிலின் அருகே தங்கள் அழைத்தலைக் கண்டுகொண்டனர்.

ஊசிமுனையில் ஓடிய குடும்பம்

ஸெலி வீட்டுப்பணி மட்டும் செய்த பெண்மணி அல்லர். திருமணத்திற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1853-இல், அலன்சோன் நகருக்குப் புகழ் தந்த ஊசி லேஸ் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். அந்த லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டரை முடிக்க ஏழு மணி நேர உழைப்பு வேண்டும் என்பர். 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கைவினையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஸெலியின்கீழ்ப் பெண்கள் பலர் தத்தம் வீடுகளிலிருந்தே துண்டு துண்டாகப் பின்னினர். வியாழக்கிழமைகளில் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தனர். அத்துண்டுகளை இணைப்புத் தெரியாதபடி ஒன்றாகத் தைக்கும் நுண்பணியை அவரே செய்தார்.

இத்தொழில் குடும்பத்தை வளமாக்கியது; அவரைக் களைப்புறவும் செய்தது. பணி மிகுந்த நாள்களில் தாம் ஓர் அடிமையாகிவிடுவதாகவும், இந்த லேஸே தம் வாழ்வைக் கடினமாக்குவதாகவும் அவர் கடிதங்களில் மனம்விட்டுக் குறைபட்டுக்கொள்கிறார். 1863 முதல் 1877 வரை அவர் எழுதியவற்றுள் 200-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. அவற்றைப் படிப்போர், தூக்கமின்மை, பணக்கவலை, வேலையாள் சிக்கல், குழந்தைகளின் நோய் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்லும் ஒரு தாயையே சந்திக்கின்றனர். முணுமுணுக்காத தாயே நல்ல கிறிஸ்தவத் தாய் என்று நாம் மேடைகளில் சொல்லி வருவது சரிதானா என்னும் கேள்வியை அக்கடிதங்கள் எழுப்புகின்றன.

மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1870-இல் லூயி தம் கடிகாரக் கடையை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். கணக்கு, வணிகப் பயணம் ஆகியவற்றை அவர் ஏற்றார். ஆடவர் தம் தொழிலை விட்டு மனைவியின் தொழிலுக்குத் தோள்கொடுத்தது 150 ஆண்டுகளுக்கு முற்பட்ட செயல்! இன்று நம் இல்லங்களில் எத்தனை கணவர்மாருக்கு அது கைகூடும்?

நான்கு கல்லறைகள்

மறைபரப்புப் பணிக்கு ஒரு மகனைத் தரவேண்டும் என்பது அப்பெற்றோரின் பெருவேட்கை. 1866-இல் பிறந்த முதல் யோசேப்பு ஐந்து மாதங்கள்கூட நிறையாமல் 1867 பிப்ரவரியில் மறைந்தான். அதே ஆண்டு திசம்பரில் பிறந்த இரண்டாம் யோசேப்பும் 1868 ஆகஸ்டில் மறைந்தான். 1870 பிப்ரவரியில் எலேன் இறந்தாள். அவளுக்கு வயது ஐந்து. அதே ஆண்டு அக்டோபரில், பிறந்து எட்டு வாரங்களுக்குள் மெலானி தெரேஸ் போனாள். பாலூட்டுவதாக ஏற்ற செவிலி கவனியாமல் விட்டதால் அக்குழந்தை பட்டினியால் வாடி மாண்டது. அடுத்த சில மாதங்களில் போர் வந்தது. 1871 சனவரியில் பிரஷ்யப் படை அலன்சோனில் நுழைந்தபோது, அவ்வீட்டில் ஒன்பது படைவீரர்களைத் தங்கவைக்க நேர்ந்தது.

இவ்வாறு மடியும் பிள்ளைகளைப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று அந்நாள்களில் சிலர் ஸெலியிடம் ஆறுதல் என்று எண்ணிச் சொன்னார்கள். அச்சொல்லைத் தம்மால் பொறுக்க இயலவில்லை என்று அவர் எழுதுகிறார். தம் பிள்ளைகள் அடைந்துள்ள முடிவில்லாப் பேற்றோடு எடைபோட்டால் தாம் பட்ட துன்பம் பெரிதன்று என்பதும், தாம் அவர்களை என்றென்றைக்கும் இழந்துவிடவில்லை என்பதும் அவருடைய மறுமொழி. சில வாரங்களே வாழ்ந்த உயிரும் முழுமையான உயிரே. பெற்றதும் வீண் அன்று. இந்நம்பிக்கைதான் ஒன்பதாவது முறையாகவும் தொட்டில் கட்டும் துணிவை அவருக்குத் தந்தது.

1873 சனவரி 2-ஆம் நாள் தெரேஸ் பிறந்தாள். அவளும் குடல் நோயால் நலிந்தாள். அந்த மார்ச்சு மாதம் ஒரு விடியலில், ஸெலி செமாலே என்னும் சிற்றூருக்குத் தனியே நடந்து சென்று, ரோஸ் தையே என்னும் உழவர் குலப் பெண்ணை அழைத்து வந்தார். செவிலித்தாயின் மார்பில் பால் குடித்த குழந்தை அசைவற்றுச் சாய்ந்தது; இறந்துவிட்டது என்றே தாய் அஞ்சினார். சற்று நேரத்தில் அது கண் விழித்துச் சிரித்தது. ஓராண்டுக் காலம் செமாலேயில் வளர்ந்து, 1874 ஏப்ரலில் நன்கு தேறிய பிள்ளையாக அவள் வீடு திரும்பினாள்.

பின்னர் ஸெலி ஒரு கடிதத்தில் இவ்வாறு விவரிக்கிறார். சின்னஞ்சிறு தெரேஸ் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று, ‘அம்மா’ என்று அழைப்பாளாம். தாய் ஒவ்வொரு முறையும் குரல் கொடுத்தாலொழிய அடுத்த படியில் கால் வைக்கமாட்டாளாம். நால்வரைப் புதைத்த தாய், படிக்குப் படி குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்தவ இல்லத்தின் மகிழ்ச்சி எது என்று கேட்போர்க்கு நாம் இதனைவிடச் சிறந்த விடையை அறியோம்.

லெயோனி என்னும் மகள்

பெரிய குடும்பங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் வளர்வதில்லை. மூன்றாம் மகள் லெயோனி நோஞ்சான், கற்பதில் பின்தங்கியவள், முரண்டு பிடிப்பவள். லெ மான் நகரில் துறவியாய் இருந்த பெரியம்மாவின் மடத்துப் பள்ளியும் அவளைத் திருப்பி அனுப்பியது. இம்மகளை நினைத்தே தாய் மிகுதியாகக் கலங்கினார். 1877 மார்ச்சில்தான் உண்மை வெளிப்பட்டது. வீட்டுப் பணிப்பெண் லெயோனியை நெடுநாளாக அச்சுறுத்தி, அடித்து, தனக்கு மட்டுமே கீழ்ப்படியச் செய்து வந்திருந்தாள். செபமும் ஒழுங்கும் நிறைந்த அவ்வில்லத்தின் கூரையின் கீழேயே, பெற்றோர் அறியாமல் ஒரு குழந்தை துன்புற்றிருந்தது. நம் இல்லங்களையும் விடுதிகளையும் நடத்துவோர் இச்செய்தியைக் கடந்துபோகலாகாது.

அப்போது ஸெலிக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது, மருத்துவர் கைவிட்டிருந்தார். லெயோனிக்காகவேனும் தாம் உயிர்வாழ வேண்டும் என்று அவர் மன்றாடினார். சூனில் மூத்த பெண்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார், நலம் கிட்டவில்லை. எஞ்சிய சில மாதங்களை அம்மகளை அருகில் வைத்துக்கொள்வதில் செலவிட்டு, 1877 ஆகஸ்ட் 28-ஆம் நாள், தம் 45-ஆம் வயதில் ஆண்டவரிடம் சென்றார். லூயி ஐந்து பெண்களோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் அவரும் மனநலம் குன்றி, 1889 முதல் 1892 வரை கான் நகர மருத்துவமனையில் இருந்து, 1894-இல் மறைந்தார்.

லெயோனியோ மூன்று முறை துறவு மடத்தில் சேர்ந்து, மூன்று முறையும் திரும்பி வந்தார். நான்காம் முறையாக 1899-இல் கான் நகர மினவுதல் மடத்தில் நுழைந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான ஆய்வு 2015-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், குடும்பத்தைப் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய பெற்றோர் இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார். மறைசாட்சிகள் அல்லாத கணவன் மனைவியருள் இவ்வாறு ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இணையர் இவர்களே. மறைபரப்புப் பணிக்கு ஒரு மகனைக் கேட்ட அவர்களுக்கு இறைவன் தந்த மகள், மடத்தைவிட்டு எந்த மறைபரப்பு நாட்டுக்கும் செல்லாமலே, 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

நமக்குரிய படிப்பினை

பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பெற்றோரின் பக்தியை அளப்பது திருச்சபையின் போதனை அன்று. 1965-இல் வெளிவந்த ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, கணவனும் மனைவியும் கலந்து சிந்தித்துத் தீர்மானிக்க வேண்டும் என்று கற்பிக்கிறது. அவ்வாறு தீர்மானித்துப் பெருந்தன்மையோடு மிகுதியான மக்களை வளர்ப்போரைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் போற்றவும் செய்கிறது. ஆகவே பலரைப் பெற்றோரை ஏளனம் செய்யவோ, சிலரைப் பெற்றோரைக் குறைகூறவோ நமக்கு உரிமை இல்லை.

ஆனால் பெரிய குடும்பத்தின் மகிழ்ச்சியைப் போற்றும் நாம், அம்மகிழ்ச்சி எதனால் தாங்கப்பட்டது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அலன்சோனில் அதைத் தாங்கியவர் பலர். கடையை விற்ற கணவர், கடிதங்களுக்குக் காதுகொடுத்த தம்பி, மடத்திலிருந்து செபித்த அக்காள், தன் வீட்டைத் திறந்த ஓர் ஏழைச் செவிலித்தாய், தாய் மறைந்தபின் தங்கையரை வளர்த்த மூத்த பெண்கள். இத்தனை கைகள் இல்லாதிருந்தால், எத்துணைப் பக்தி இருந்தும் ஸெலி முறிந்து போயிருப்பார்.

எனவே அன்பியக் கூட்டத்தில் பல பிள்ளைகளின் தாய் ஒருத்தி ‘களைத்துப் போனேன்’ என்று சொன்னால், அவளுக்குப் பொறுமையைப் போதிக்க விரைய வேண்டா. அவள் மடியில் இருக்கும் குழந்தையை நாம் வாங்கிக்கொள்வோம். அவள் ஒருவேளையாவது அமர்ந்து, ஆற அமர உண்ணட்டும்.