லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் பேராசிரியர் வேலைனா என்ன? நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?

வீட்டு வாசலில் புல்தரை போடுவது, குரோட்டன்ஸ் தொட்டி அடுக்குவது... 'லேண்ட்ஸ்கேப்' என்றதும் பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஆனா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையை நடத்துறவங்க மாணவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி வேற. இந்த நிலத்துல மழை பெய்தா தண்ணி எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது கஷ்டம். நாஞ்சில் நாட்டில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் வழியா அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். சுசீந்திரம் தேரூர் (94.23 ஹெக்டேர்), வேம்பனூர் (19.75 ஹெக்டேர்) ஈரநிலங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சுசீந்திரம் தேரூர் பகுதிக் குளங்கள் சிலவற்றின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே இருக்கு. இவை மனிதர்கள் உருவாக்கிய குளங்கள் என்பதுதான் முக்கியம். நிலத்தின் சரிவைப் பார்த்து, அளந்து, கரை போட்டிருக்காங்க. இன்னைக்கு எம்.ஆர்க் வகுப்பில் சொல்லித்தருவதும் அதைத்தான்.

<b>வேலை எப்படி இருக்கும்?</b>

கரும்பலகைப் பாடம் குறைவு, ஸ்டூடியோதான் அதிகம். ஒரு நிஜ இடத்தைக் கொடுத்து மண், மரம், மேடு பள்ளம், நீரோட்டம் எல்லாத்தையும் மாணவர்களை அளக்க வைப்பாங்க. உதாரணமா, குளக்கரையில் பறவை பார்க்க ஒரு நடைபாதை வடிவமைக்கணும்னா, மாணவர் முதலில் சிமென்ட் பாதையும் விளக்குக் கம்பமும் வரைந்து வருவார். பறவை எங்கே கூடு கட்டும், மறுகால் எந்தப் பக்கம், வயலுக்குப் போறவர் எந்த வழியா நடப்பார் என்று பேராசிரியர் கேட்கக் கேட்க பாதி வரைபடம் மாறிடும். கடைசியில் வெளி நிபுணர்கள் முன்னால் ஜூரி.

ஆய்வு, பிஎச்.டி வழிகாட்டல் தவிர வெளித் திட்டங்களும் உண்டு. டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் பேராசிரியராக இருந்த முகமது ஷாஹீர்தான் ஹுமாயூன் கல்லறைத் தோட்டச் சீரமைப்பிலும், சுந்தர் நர்சரி வடிவமைப்பிலும் பணியாற்றியவர். 2015-ல் அவர் மறைந்த பிறகு, 2018-ல் சுந்தர் நர்சரி திறக்கப்பட்டது.

<b>சட்டம் என்ன சொல்லுது?</b>

1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் கட்டடக் கலைஞர்களை மட்டுமே பதிவு செய்கிறது. லேண்ட்ஸ்கேப் துறைக்குத் தனிப் பதிவு இல்லை. அதனால வயலை வீட்டு மனையாக்கும்போது இந்தத் துறை நிபுணரிடம் கேட்டே ஆகணும்னு கட்டாயமும் இல்லை. நாஞ்சில் நாடு மாதிரி இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒரு கால்வாயை மூடினால், அதுக்குக் கீழே இருக்கும் குளங்களுக்கும் தண்ணீர் வரத்து நின்னுடும்.

<b>என்ன படிக்கணும்?</b>

ஐந்து ஆண்டு பி.ஆர்க், அப்புறம் இரண்டு ஆண்டு எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கு. பேராசிரியர் பதவி வரை உயர பிஎச்.டி தேவை. ஏழாவது ஊதியக் குழு அளவுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. தனியார் கல்லூரிகள் எல்லாம் இதைத் தரும்னு எதிர்பார்க்க முடியாது, சேரும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.