உதயகிரிக்கு வெளியே ஒரு படை வரலாறு

குமரி மாவட்டத்தின் படை வரலாறு என்றால் 1741-இல் நடந்த குளச்சல் போர், டச்சுப் படையின் டிலனாய், உதயகிரிக் கோட்டை என்றுதான் பேச்சு போகும். அந்தக் கதையில் பெண்ணுக்கு இடமில்லை. 2024-இல் இம்மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் டெலோஸ் ஃப்ளோரா மேஜர் ஜெனரலாக உயர்ந்து, ராணுவச் செவிலியர் பணியின் தலைமைக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடம் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதையும் பெற்றார். ஒருவருடைய உழைப்புக்குக் கிடைத்த பரிசு இது, மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்குப் பின்னே நாஞ்சில் நாட்டுப் பெண்களின் நீண்ட வரலாறும் நிற்கிறது; அது குளச்சலில் தொடங்கியதல்ல.

அது தோள்சீலைப் போராட்டத்தில் தொடங்குகிறது. 1820-களிலேயே மேலாடை அணிந்ததற்காக இங்கே பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. இதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. அப்படியானால் எல்லாம் மிஷனரிகளின் கொடைதானே என்று கேட்கலாம். கதவைத் திறந்தவர்கள் அவர்கள் என்பது உண்மை. ஆனால் அன்னியரின் ரத்தத்தையும் புண்ணையும் தொடும் வேலையைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகத்தில், அதைத் தொழிலாக ஏற்க முன்வந்த துணிவு இந்தப் பெண்களுடையது. என்ன உடுத்தலாம் என்பதையே அடிபட்டு வென்றெடுத்த மண்ணிலிருந்து ஒரு பெண் படைச்சீருடையில் தளபதியாக நின்றதை நான் இந்தத் தொடர்ச்சியில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

செவிலியம் போரல்லவே, நைட்டிங்கேல் விருதும் சுகாதார அமைச்சகம் சார்ந்த விருதுதானே, இதைப் படைப்பெண்ணுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எப்படிச் சொல்வது? கேள்வியில் நியாயம் உண்டு. அந்த விருது ராணுவத்துக்கு வெளியே பணிபுரியும் செவிலியருக்கும் உரியது. வீரப் பதக்கமும் அல்ல. ஆனால் ராணுவத்தில் பெண் நுழையக் கிடைத்த முதல் வாசல் எது என்று பார்க்கவேண்டும். 1888-இல் பிரிட்டனிலிருந்து பம்பாய் வந்திறங்கிய சிறு செவிலியர் குழுவில் வேர்கொண்ட ராணுவச் செவிலியர் பணி, 1926-இல் நிரந்தரமாகி, 1943-இன் அவசரச் சட்டத்தால் அதிகாரிகளின் படைப்பிரிவானது. 1950-இன் ராணுவச் சட்டமோ, அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர மற்றவற்றில் பெண்களைச் சேர்க்கத் தடை போட்டது. மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாக நுழைய 1992 வரை காத்திருந்தார்கள். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1976-இல், இந்திய ராணுவத்தின் முதல் பெண் மேஜர் ஜெனரலானவர் கெர்ட்ரூட் அலிஸ் ராம். அவர் இந்தச் செவிலியர் பணியில் இருந்து வந்தவர். இந்தப் பணியை ஓரமாக வைத்துவிட்டு இந்தியப் படைப்பெண்களின் வரலாற்றை எழுதினால், அதில் முதல் அத்தியாயமே இருக்காது.