ரோமிங் காலத்து மிஸ்டு கால்

"சார், நம்ம ஊர் செல்போன் அங்கே வேலை செய்யுமா?" வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன் ஆயிற்றே! இப்போது வேலை செய்யும். ஆனால் அந்த வசதி எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்று கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு நாட்டு செல்போனை இன்னொரு நாட்டில் பயன்படுத்த ஆரம்பித்தவர்கள் வட ஐரோப்பியர்கள். 1981-இல் தொடங்கிய அவர்களுடைய மொபைல் அமைப்பு ஸ்வீடன், நார்வே என்று எல்லை தாண்டியும் பேசுகிற மாதிரியே திட்டமிடப்பட்டது. மற்ற ஐரோப்பிய நாடுகளில் ஆளுக்கு ஒரு முறை. ஒன்று மற்றொன்றோடு ஒட்டாது. இதைச் சரிசெய்யவே 1987-இல் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் நிறுவனங்கள் கூடி, ஜி.எஸ்.எம். என்ற பொது முறைக்குக் கையெழுத்துப் போட்டன. அந்த முறையில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1-இல் பின்லாந்தில் பேசப்பட்டது. மறு வருஷமே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றும் முதல் ரோமிங் ஒப்பந்தம் செய்துகொண்டன.

நம் நாட்டுக்கு செல்போன் வந்தது 1995 ஜூலை 31-இல். கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அப்போது கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. உள்ளே வரும் அழைப்பு இலவசமானது 2003 மே மாதத்தில்தான். ஆனால் வெளிநாடு போய்விட்டால் அந்தச் சலுகை கிடையாது.

காரணம் இதுதான். மியூனிக்கில் இறங்கி போனைப் போட்டதும், அந்த ஊர் நெட்வொர்க் நம் கம்பெனியிடம், "இவர் உங்கள் ஆளா?" என்று விசாரிக்கும். "ஆமாம்" என்று பதில் வந்ததும் நாம் இருக்கும் இடம் இங்கே குறித்துக்கொள்ளப்படும். கும்பகோணத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் அழைப்பு முதலில் நம் கம்பெனிக்கு வந்து, பிறகு ஜெர்மனிக்குப் போகும். கூப்பிட்டவருக்கு உள்ளூர்க் கட்டணம். கடல் தாண்டும் தூரத்துக்கு நம் தலையில் கட்டணம். ஒரு தடவை மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக் கூட்டத்தில் என் மனைவியைத் தவறவிட்டுவிட்டு, அவள் போனுக்குக் கூப்பிட்டேன். இருவரிடமும் இருந்தது இந்திய எண். ஐம்பதடி தூரத்தில் நின்றவளோடு பேச, குரல் இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. இரண்டு பில்!

இத்தனையும் தெரிந்தவன் என்பதுதான் எனக்கு வினையாயிற்று. 2008-இல் நாங்கள் முதல் தடவை அங்கே போனபோது, வரும் அழைப்பை எடுத்தாலே ஒரு நிமிஷத்துக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு போய்விடும். அதனால் புறப்படும்போதே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "மிஸ்டு கால் கொடுங்கள். நான் காலிங் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுகிறேன்."

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு போன் அடித்தது. ஊரில் அப்போது காலை ஐந்தரை. அக்கா வீட்டு எண். துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். லேண்ட்லைன் இருந்த கூடத்தில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். விடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

விடிந்து கூப்பிட்டபோது அக்கா மகன் எடுத்தான். அத்தானுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று அவரே கேட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அதற்குள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். என்ன சொல்ல நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பிறகு காலம் மாறியது. ஐரோப்பிய யூனியன் 2007-இல் ரோமிங் கட்டணத்துக்கு வரம்பு வைத்தது; 2017 ஜூன் 15 முதல் தன் நாடுகளுக்குள் கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், 2015-இல் வந்த வாட்ஸ்அப் அழைப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. இப்போது ஊர் எண்ணை வெளிநாட்டில் உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் பேங்க் ஓ.டி.பி.க்காகத்தான்.

சென்ற முறை மியூனிக்கில் இருந்தபோது அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். வயது எண்பத்தி இரண்டு. இரண்டு நிமிஷம் ஆனதும், "உனக்குக் காசு போகுமேடா, வச்சுடட்டுமா?" என்பாள்.

"காசே கிடையாதுக்கா. நீ பேசு" என்பேன். அவளே வைக்கும்வரை நான் வைப்பதில்லை.