தருமபுரித் துல்லியப் பண்ணையம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05 முதல் 2006-07 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் நடத்திய திட்டமும், அதிலிருந்து பரவிய சாகுபடி முறையும் தருமபுரித் துல்லியப் பண்ணையம் எனப்படும். பயிருக்கு வேண்டிய நீரையும் உரத்தையும் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் வேரடியில் சேர்ப்பது இதன் அடிப்படை. நெகிழிக் குழாய், கைப்பேசி, உணவு உற்பத்தி என்ற தனித்தனித் துறைகள் ஒரே வயலில் சந்தித்ததற்கு இது நல்ல சான்று.

பின்னணி

சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தமிழ்நாட்டுக்குள் காவிரி நுழைவது ஒகேனக்கல் பக்கம்தான். ஆனால் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுவதால் மேட்டு நிலங்களுக்கு அதன் வாய்க்கால் ஏறவில்லை. சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு அணைகளின் ஆயக்கட்டு சிறியது. மற்ற இடங்களில் ஏரியும் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே கதி. அடியில் கடினப் பாறை இருப்பதால் ஊறும் நீரும் குறைவு. கேழ்வரகு, சாமை, கொள்ளு போன்ற மானாவாரிப் பயிர்களோடு, கிணற்று நீரை நம்பித் தக்காளியும் கரும்பும் மஞ்சளும் விளைந்த மண் இது. நீர் குறையக் குறைய, இருப்பதைக் கொண்டு எவ்வளவு விளைவிக்கலாம் என்ற கேள்வி இங்கே வாழ்வாதாரக் கேள்வியானது.

குழாயின் வரலாறு

சொட்டுநீர்ப் பாசனம் பரவலாவதற்குப் பாலிஎத்திலீன் வர வேண்டியிருந்தது. 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் நெகிழிச் சொட்டுவானை உருவாக்கினார். 1965-இல் ஹட்செரிம் கூட்டுப்பண்ணை அதை வணிகப் பொருளாக்கியது. தமிழ்நாட்டில் 1970-களில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர். கே. சிவனப்பன் இம்முறையை ஆராய்ந்து பரப்பினார்.

வெயிலில் கிடக்கும் வெறும் பாலிஎத்திலீன் புற ஊதாக் கதிரால் விரைவில் நொறுங்கிவிடும். குழாய்க்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் தூளே அந்தக் கதிரைத் தடுத்து அதன் ஆயுளை நீட்டிக்கிறது. நிலத்தடியில் பி.வி.சி. முதன்மைக் குழாய், பாத்தியோரம் லேட்டரல் எனும் கறுப்புக் கிளைக்குழாய், அதில் டிரிப்பர் எனும் சொட்டுவான் என நீர் செடிக்குப் போகிறது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீர் டிரிப்பரை அடைக்கும் என்பதால் வடிகட்டியும் அவ்வப்போது அமிலக் கழுவலும் தேவை.

திட்டம்

தமிழக அரசு 7.2 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் ஆண்டில் 100, இரண்டாம் ஆண்டில் 200, மூன்றாம் ஆண்டில் 100 எக்டேர் என நிலம் சேர்க்கப்பட்டது. கருவிகளுக்கான மானியம் முதல் ஆண்டு 100 சதவீதம், அடுத்து 90, பிறகு 80 எனக் குறைந்தது. முதல் ஆண்டின் விளைச்சலைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு தங்கள் பங்கைக் கட்டத் தயாரானார்கள். முனைவர் இ. வடிவேல் திட்டத்துக்குப் பொறுப்பேற்று நடத்தினார்.

உளிக்கலப்பையால் அடிமண் இறுக்கத்தை உடைத்தல், நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டு நாற்று வளர்த்தல், மேட்டுப்பாத்தி, நீரில் கரையும் உரத்தைச் சொட்டுநீரோடு செலுத்துதல், தரம்பிரித்து விற்றல் ஆகியவை இந்தச் சாகுபடி முறையின் படிகள். விஞ்ஞானிகள் வயலுக்கே வந்து கூடவே நின்றார்கள். விவசாயிகள் சங்கங்களாகத் திரண்டு இடுபொருளைச் சேர்ந்து வாங்கினார்கள், சந்தையோடு சேர்ந்து பேசினார்கள்.

தருமபுரி விவசாயிகளிடம் நடத்தி 2008-இல் வெளியான பொருளாதார ஆய்வொன்று, இம்முறையில் தக்காளி விளைச்சல் 80 சதவீதமும் கத்தரி விளைச்சல் 34 சதவீதமும் கூடியதைக் காட்டியது. மொத்த லாப வரம்பு முறையே 165, 67 சதவீதம் உயர்ந்திருந்தது. இம்முறைக்கு மாறாதவர்களுக்குப் பெரிய தடை பணமும் கடன் வசதியும் இல்லாமையே என்றும் அது கண்டது.

கம்பியில்லாத் தொடர்பு

உழவுக்குக் கம்பியில்லா இணைப்பைப் பயன்படுத்தும் முயற்சி தமிழ் நிலத்தில் இத்திட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கி, அவற்றை வானொலி அலை வழியே இணைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசென்றது. 2007-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய பாசனத் திட்டத்தின் கீழ், நோயுற்ற பயிரின் படத்தை வயலிலிருந்து அனுப்பி விஞ்ஞானியிடம் தீர்வு பெறும் ‘இ-வேளாண்மை’ முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழக அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தது. இன்று வீட்டில் இருந்தபடியே கைப்பேசியால் மோட்டாரை ஓடவிடவும் நிறுத்தவும் முடிகிறது. மும்முனை மின்சாரத்துக்காக நள்ளிரவில் கிணற்றடிக்கு ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லைகள்

சொட்டுநீர் மிச்சப்படுத்தும் நீர் தானாக நிலத்தடியில் தங்கிவிடாது. மிச்ச நீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கர் பயிரிட்டால் கிணறு பழையபடியே வற்றும். எத்தனை ஏக்கர் என்ற வரம்பு இல்லாமல் நீர் சேமிப்பு நிறைவேறாது. ஆயுள் முடிந்த லேட்டரலும் பாத்தியை மூடும் நெகிழி மூடாக்குத் தாள் கிழிந்ததும் வரப்பில் குவிகின்றன. மெல்லிய தாள் துணுக்குகளாகி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இந்தக் கழிவைத் திரும்பப் பெறும் ஏற்பாடு குழாய் மானியத்தோடே வர வேண்டும்.

அடுத்தது விலை. தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை சரியும்போது பறிகூலிகூடக் கட்டாமல் பழம் செடியிலேயே அழுகுகிறது. விளைச்சலைக் கூட்டிய அறிவியல் விலையைக் காக்கவில்லை.

உணவுப் பாதுகாப்பு

காய்கறி வருமானம் தரும், பசியாற்றுவது தானியம். ஊட்டச்சத்து மிக்க சிறுதானியமே வறண்ட நிலத்துக்கு ஏற்றது. பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் வறண்ட நிலத்துக்கான ரகங்களை வெளியிட்டுவந்தது. நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்துக்கு 2023-இல் நீலகிரியோடு தருமபுரியும் தேர்ந்தெடுக்கப்பட்டது. விளைகிற மண்ணிலேயே அந்தத் தானியத்துக்கு உறுதியான கொள்முதல் கிடைக்க இது வழி திறந்தது.

முக்கியத்துவம்

நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரும் நிலைக்குத் தமிழ்நாடு பின்னர் வந்தது. ஆனால் தருமபுரியில் மாற்றத்தைக் கொண்டுவந்தது குழாய் மட்டும் அன்று. பக்கத்து வயல்காரர் கண்டு நம்பிய விளைச்சல், வயலுக்கு வந்த விஞ்ஞானி, சேர்ந்து நின்ற சங்கம் ஆகிய மூன்றும் குழாயோடு வந்தன. இந்தத் திட்டத்தைப் பின்பற்ற நினைக்கும் எந்த மாவட்டமும் மானியப் பட்டியலோடு இவற்றையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.