டோபா எரிமலை ஏரி: அங்கீகாரம் மட்டும் போதுமா?

இந்தோனேசியாவின் வட சுமாத்திராவில் உள்ள டோபா ஏரியும் அதன் சுற்றுப்புறமும், 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகளாவிய புவிப்பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டன. ஆனால் மூன்று ஆண்டுகளிலேயே அந்த அங்கீகாரம் கேள்விக்குள்ளானது.

வெடிப்பின் சுவடுகள்

சுமார் 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு மாபெரும் எரிமலை வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. நிலத்தடிப் பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறியதால், மேலிருந்த நிலம் உள்ளே சரிந்தது. அப்பள்ளத்தில் நீர் தேங்கி, சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஏரி உருவானது. பின்னர் கீழிருந்து எழுந்த அழுத்தத்தால் ஏரியின் அடித்தளம் உயர்ந்ததன் விளைவே அதன் நடுவிலுள்ள சமோசிர் நிலப்பகுதி. ஒரு காலத்தில் ஏரியின் அடியில் படிந்த வண்டல் இன்று அங்கு மேட்டில் காணப்படுகிறது.

இவ்வெடிப்பின் சாம்பல் இந்தியா வரை பரவியது. ஆந்திரப் பிரதேசத்தின் ஜுவாலாபுரத்தில், சாம்பல் படலத்திற்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அக்கால மனிதர்களை இவ்வெடிப்பு எந்த அளவுக்குப் பாதித்தது என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

புவிப்பூங்கா என்பது என்ன?

புவிப்பூங்கா என்பது மக்களை வெளியேற்றி வேலியிடப்படும் காப்பகம் அல்ல. டோபாவின் கரைகளில் பட்டாக் இன மக்கள் பயிர் செய்தும், மீன் வளர்த்தும், சுற்றுலாப் பயணிகளை வரவேற்றும் வாழ்கின்றனர். பாறைகளின் வரலாற்றை அவர்களது வாழ்வாதாரத்துடன் இணைப்பதே இத்திட்டத்தின் நோக்கம்.

அதேவேளை, யுனெஸ்கோவின் அங்கீகாரம் தன்னளவில் ஒரு சட்டம் அல்ல. காடழிப்பையோ, கூண்டு மீன்வளர்ப்பினால் நீர் மாசடைவதையோ தடுக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசிடமே உள்ளது.

மஞ்சள் அட்டை

யுனெஸ்கோவிடம் உள்ள கருவி மறு ஆய்வு ஒன்றே. நிலைமை திருப்திகரமாக இருந்தால் பச்சை அட்டையுடன் நான்கு ஆண்டுகளுக்கு அங்கீகாரம் நீடிக்கும். குறைகள் இருந்தால் மஞ்சள் அட்டையும் இரண்டு ஆண்டு அவகாசமும் வழங்கப்படும். அவை அப்போதும் களையப்படாவிட்டால் அங்கீகாரம் பறிக்கப்படும்.

டோபாவுக்கு 2023ஆம் ஆண்டில் மஞ்சள் அட்டை வழங்கப்பட்டது. அதன் பின்னர் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை அடுத்து, 2025ஆம் ஆண்டில் அது பச்சை அட்டையை மீண்டும் பெற்றது. எனினும், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை இதே சோதனையை அது மீண்டும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.