வீட்டுவேலையும் வீட்டு விளக்கும்

பாடசாலைகள் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுக்கலாமா, கூடாதா என்ற விவாதம் ஆசிரியர் கூடும் இடங்களில் அடிக்கடி எழுவதாகும். கொடுக்க வேண்டும் என்போர் பயிற்சியின் இன்றியமையாமையை எடுத்துரைப்பர். கூடாது என்போர் பிள்ளையின் விளையாட்டையும் உறக்கத்தையும் நினைவூட்டுவர். இரு சாராரும் பிள்ளையைப் பற்றியே பேசுகின்றனர். வீட்டைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அந்த வீட்டிலே விளக்கு உண்டா, கொப்பியை விரித்து வைக்க இடமுண்டா, பிள்ளையின் மாலைப்பொழுது பிள்ளைக்கே உரியதாக இருக்கிறதா என்று கேளாமல் இவ்வினாவுக்கு நியாயமான விடை காண இயலாது. கல்வியையே பெருஞ் செல்வமாகக் கொண்டாடும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே எழுத்து வேலை வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை மணலிலே விரலால் எழுதிற்று. பின்னர் ஏட்டிலே எழுத்தாணி பிடித்தது. எண்சுவடியும் நீதிநூல்களும் சட்டாம்பிள்ளையின் முன்னே முறை சொல்லி மனனமாயின. வீட்டுக்குச் சென்றது வேறொன்று. தம் இளமைக்காலச் சோழநாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதுகையில், மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார் என்று குறிப்பிடுகின்றார். பிள்ளை அதை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு எண்ணெய் வேண்டியதில்லை, மேசையும் வேண்டியதில்லை, பெற்றோர் எழுத்தறிந்தவராக இருக்க வேண்டிய அவசியமுமில்லை. பிரம்படியும் சாதித் தடையும் மலிந்த அப்பள்ளிக்கூடத்தை நாம் போற்றவில்லை. ஆயினும், எந்த வீடும் தரக்கூடியதை மட்டுமே அது வீட்டிடம் கேட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டுக்கு வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்தனர். பிள்ளையைப் பெற்றோரின் சமயத்திலிருந்து பிரித்தெடுப்பது மிஷனரிமாரின் நோக்கங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய ஏற்பாட்டிலே ஒரு கல்வி உண்மையும் அடங்கியிருந்தது. மாலைப் படிப்பை ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பதானால், அப்படிப்புக்கு வேண்டிய உணவையும் இடத்தையும் விளக்கையும் நூலையும் எதிர்பார்ப்பவரே கொடுக்க வேண்டும் என்பதே அந்த உண்மை.

1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்துச் சொந்த அச்சியந்திரசாலையும் பாலபாட நூல்களும் வந்தன. பிள்ளை பகலிலே பாடசாலைக்குச் சென்று மாலையிலே அச்சிட்ட புத்தகத்தோடு வீடு திரும்பும் வழக்கம் இவ்வாறு பரவலாயிற்று. புத்தகம் வீட்டுக்கு வந்தது பெரும் முன்னேற்றமே. ஆனால் அதைத் தொடர்ந்து பரீட்சையும் வந்தது. 1869இல் பொதுப் போதனா இலாகா அமைக்கப்பட்ட பின்னர், பரிசோதகர் நடத்தும் பரீட்சையின் பெறுபேற்றைப் பொறுத்தே பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை சித்தியடைந்தால்தான் பாடசாலைக்குப் பணம் என்ற நிலையில், பகல் போதாமல் இரவையும் படிப்புக்கு இழுக்காத ஆசிரியர் யார்? 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும் சேர்ந்துகொண்டன. அரசாங்க உத்தியோகத்தை நோக்கிய ஓட்டத்தில் இரவுப் படிப்பு கல்வியின் இலட்சணமாகவே கருதப்படலாயிற்று. வீட்டுவேலை பிள்ளையின் நலனை எண்ணி மட்டும் பிறந்ததன்று. அதன் பிறப்பிலே நன்கொடைக் கணக்கும் உத்தியோகக் கணக்கும் கலந்திருந்தன.

அந்த இரவு யாருக்குக் கிடைத்தது என்பதே அடுத்த கேள்வி. குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை, பயிர் கிணற்றை நம்பியது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவும் வரை புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்தே நீர் இறைக்கப்பட்டது. துலாவில் ஒருவர் ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் நீரைத் திருப்ப வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வசதியற்ற குடும்பத்தில் இவ்வேலைகள் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தன. கடற்கரைக் கிராமங்களில் வலையும் மீனும், பனையை நம்பிய குடிகளில் ஓலையும் பெட்டி இழைத்தலும் காத்திருந்தன. பெண் பிள்ளைகளுக்கோ தண்ணீர் அள்ளலும் சமையலும் தம்பி தங்கையரைப் பார்த்தலும் எந்த வீட்டிலும் உண்டு. பாடசாலை கொடுத்த வீட்டுவேலைக்கு முன்னரே அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை இருந்தது. மறுநாட் காலையில் வெறுங் கொப்பியோடு வந்து நின்ற பிள்ளை சோம்பேறி எனத் தண்டிக்கப்பட்டது. உண்மையிலே தண்டிக்கப்பட்டது அதன் வறுமை.

சாதியால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்குள் சமமாக உட்காரவே போராட வேண்டியிருந்தது. 1920களில் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் குரல் கொடுத்தது. நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று 1930ஐ ஒட்டி அரசாங்கம் பணித்தபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. பகலிலே வாங்கிற்கே இடங்கொடாத சமூகம், இரவுப் படிப்புக்கு வேண்டிய வசதியை அப்பிள்ளைகளுக்கு எங்ஙனம் விட்டுவைத்திருக்கும்?

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும், 1993இல் இலவசச் சீருடையும் வழங்கப்படலாயின. கட்டணம், நூல், உடை ஆகிய மூன்று தடைகளையும் பொதுப்பணம் அகற்றியது. இவை மக்கள் பெற்ற மாபெரும் பேறுகள். ஆனால் மாலை நேரம் இன்னும் தனியார் சொத்தாகவே இருக்கின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது படிப்பு நேரம். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பு நேரம்.

அந்த மாலையைப் பொதுவுடைமையாக்கிய ஓர் இடம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1930களில் ஒரு சிறிய வாசிகசாலையாகத் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1959இல் பொது நூலகமாகத் தனிக் கட்டடம் பெற்றது. வீட்டிலே நூலில்லாத மாணவனுக்கு அங்கே நூலிருந்தது. மேசையும் வெளிச்சமும் அமைதியும் இருந்தன. 1981இல் அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அருஞ்சுவடிகளின் இழப்பை நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஏழை மாணவரின் பொது மேசை எரிந்ததையும் அதனோடு சேர்த்துப் பேச வேண்டும்.

பின்னர் போர் எல்லா வீடுகளின் விளக்கையும் அணைத்தது. 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. சில துளி எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கின் முன்னே ஒரு தலைமுறை படித்தது. அத்தலைமுறையின் உறுதியை நாம் வணங்குகின்றோம். ஆனால் அதைக் காட்டி, ‘விளக்கில்லாமலும் படிக்கலாம்’ என்று இன்றைய ஏழைப் பிள்ளையிடம் வாதிடுவது கொடுமை. துன்பத்தைத் தாண்டியவரின் புகழ் துன்பத்துக்குச் சான்றிதழாகாது. 2020இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டு, வேலைகள் கைத்தொலைபேசி வழியே அனுப்பப்பட்டபோதும், 2022இல் பொருளாதார நெருக்கடியால் நாடெங்கும் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோதும், பழைய கேள்வியே புதுவடிவில் எழுந்தது: எந்த வீட்டில் கருவி உண்டு, எந்த வீட்டில் இல்லை?

உலகம் இதைப் பற்றி எண்ணாமலில்லை. பிரான்சு 1956இலேயே ஆரம்பப் பாடசாலை மாணவருக்கு எழுத்து வேலை வீட்டுக்குக் கொடுப்பதைச் சுற்றறிக்கை மூலம் விலக்கியது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கூடாதென்று தீர்ப்பளித்தது. சீனம் 2021இல் வீட்டுவேலைக்கு வகுப்புவாரியாக நேர எல்லை வகுத்தது. அத்துடன் தனியார் போதனை வியாபாரத்தையும் கட்டுப்படுத்தியது. இந்த இரண்டாவது நடவடிக்கை கூர்ந்து நோக்கத்தக்கது. வீட்டுவேலையை மட்டும் நிறுத்தினால் அவ்விடத்தை ரியூட்டரி நிரப்பிவிடும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே சிறுவரைத் தனியார் வகுப்புகளுக்கு அனுப்பும் நமது நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

பயிற்சியின்றிக் கணிதம் வருமா, எழுத எழுதத்தானே மொழி கைவரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பயிற்சி வேண்டும், ஆனால் அது வீட்டிலேதான் நிகழ வேண்டுமென்பது எந்த விதி? நமது பாடசாலைகள் பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கலைகின்றன. மணியடித்ததும் வகுப்பறைகள் வெறிச்சோடுகின்றன. சற்றுத் தொலைவிலுள்ள ரியூட்டரிக் கொட்டில் நிரம்புகின்றது. பொதுப்பணத்தில் கட்டிய கூரையும் வாங்கும் கரும்பலகையும் சும்மா கிடக்க, ஏழைப் பிள்ளை வீட்டிலே இடந்தேடி அலைவதை அறிவுடைமை என்று சொல்ல முடியுமா?

ஆகவே நாம் கோருவது இதுதான். எழுத்துப் பயிற்சி பாடசாலையிலேயே, ஆசிரியரின் துணையோடு முடிய வேண்டும். அதற்கு வேண்டிய மேலதிக நேரமும், அந்நேரத்துக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும், பிள்ளைக்கு ஒருவேளை உணவும் அரசின் பொறுப்பாக வேண்டும். ஊர்தோறும் உள்ள வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் மாலையில் விளக்கேற்றி, எந்தச் சாதிப் பிள்ளைக்கும் எந்தத் தெருப் பிள்ளைக்கும் கதவு திறக்க வேண்டும். வீட்டுக்கு ஏதேனும் கொடுத்தனுப்ப விரும்பும் ஆசிரியர், எல்லா வீடும் தரக்கூடியதையே கேட்கட்டும்: அப்பாச்சி அறிந்த ஒரு மூலிகையின் பெயர், தந்தை வலைவீசும் கடலின் காற்றுக்குறி, தாய் இழைக்கும் பெட்டியின் கணக்கு.

இவையெல்லாம் வரும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஒரு வெறுங் கொப்பி அவர் முன்னே நீட்டப்படும். அப்போது பிரம்பைத் தேடாமல், ‘நேற்று மாலை நீ என்ன செய்தாய்?’ என்று அவர் கேட்கட்டும்.